முகவரி தந்த அம்மா

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை. பேசியதை ஒட்டியே எழுதித் தரப்பட்டது.)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "உனக்குப் பிடிச்ச ஒரு எழுத்தாளரைப் பத்தி இருபது நிமிஷம் பேசுடா" என்றார். எஞ்சினியரிங் காலேஜ் மேடையில் எழுத்தாளர் என்று சொன்னால் எல்லோருக்கும் வாயில் வருவது ஒரே பெயர்தான். சுஜாதா. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் இருந்தவர், ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று வாசகர்களின் அறிவியல் கேள்விகளுக்குப் பதில் எழுதியவர். நம்ம ஆள். அவரைப் பற்றிப் பேச இந்த மண்டபத்திலேயே ஐம்பது பேர் இருப்பீர்கள்.

நான் பேச வந்திருப்பது வேறு வகைக் கேள்விகளுக்குப் பதில் எழுதிய ஒருவரைப் பற்றி. வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டால் அதற்கு ஒரு பதில் உண்டு, எழுதிவிடலாம். என் புருஷன் ஏன் மூணு வருஷமா என்னோட முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறான் என்று ஒரு பெண் நாலு பக்கம் எழுதிக் கேட்டால் என்ன பதில் எழுதுவது? அதற்கு வாராவாரம் உட்கார்ந்து பதில் எழுதியவர் அனுராதா ரமணன்.

சிரிக்கிறீர்கள். சிரிக்கிறவர்கள் எல்லோரும் தினமலர் வாரமலரில் 'அன்புடன் அந்தரங்கம்' படித்தவர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். படிக்காதவர்களுக்குச் சிரிப்பு வராது.

2006லிருந்து 2010 வரை நாங்கள் ஹாஸ்டலில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை மெஸ்ஸில் பேப்பர் வந்து விழுந்ததும் வாரமலர்தான் முதலில் காணாமல் போகும். யாராவது ஒருத்தன் பெஞ்சு மேல் ஏறி நின்று அந்தக் கடிதத்தைச் சினிமாக் குரலில் படிப்பான். கூட்டம் கைதட்டும். பதில் பகுதி வரும்போது மட்டும் சத்தம் கொஞ்சம் அடங்கும், அதை நான் கவனித்திருக்கிறேன். கிண்டலாகத் தொடங்கினவனே பதிலைச் சாதாரணக் குரலில் படித்து முடிப்பான். அந்த அம்மா எழுதுகிற தொனி அப்படி. கேலி பண்ண இடம் கொடுக்காது.

நாங்கள் கடைசி செமஸ்டர் முடித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம், 2010 மே 16ஆம் தேதி, சென்னையில் மாரடைப்பில் அவர் காலமானார். அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. வாரமலர் வருகிற நாள்.

இனி அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போம். 1947 ஜூன் 29ஆம் தேதி தஞ்சாவூரில் பிறந்தவர். தாத்தா ஆர்.பாலசுப்பிரமணியம் நடிகர், எழுத்துப் பக்கம் தன்னைத் திருப்பியவர் அந்தத் தாத்தாதான் என்பது அவர் சொன்னது. ஆனால் அவர் முதலில் எடுத்தது பேனா இல்லை, தூரிகை. ஓவியராகத்தான் தொடங்கினார். பெரிய பத்திரிகைகளில் வேலை கேட்டு அலைந்திருக்கிறார், கிடைக்கவில்லை. 1977இல் 'மங்கை' என்ற பத்திரிகையில் சேர்ந்தபோது அதன் ஆசிரியருக்கு இவருடைய எழுத்து பிடித்துப் போனது. அங்கே தொடங்கியதுதான் எல்லாம். நம்ம கேம்பஸ் இன்டர்வியூ பாஷையில் சொன்னால், அப்ளை பண்ணின போஸ்ட் ஒன்று, செலக்ட் ஆன போஸ்ட் வேறு ஒன்று.

அதற்குப் பிறகு அவர் எழுதியது சுமார் 800 நாவல்கள், 1,230 சிறுகதைகள். எஞ்சினியர்கள் ஆயிற்றே, கணக்குப் போட்டுப் பாருங்கள். 1977லிருந்து 2010 வரை 33 வருஷம். வருஷத்துக்கு 24 நாவல், அதாவது மாதம் இரண்டு. கூடவே பத்து நாளைக்கு ஒரு சிறுகதை. பஸ் ஸ்டாண்டு கடைகளில் மாத நாவல்கள் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய காலம் அது. பாண்டி பஸ் ஸ்டாண்டில் ஏறும்போது வாங்கி, விழுப்புரத்தில் இறங்குவதற்குள் பாதி படித்துவிடலாம். இலக்கிய விமர்சகர்கள் இந்த எழுத்தை அதிகம் சட்டை செய்ததில்லை. அதில் நியாயம் உண்டு, மாதம் இரண்டு நாவல் எழுதினால் எல்லாமே தேறாது. ஆனால் அவர்கள் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. முப்பது வருஷம் குடும்பத்தையும் அடுப்படியையும் வீட்டுச் சண்டையையும் மட்டுமே எழுதிக்கொண்டிருந்த ஒரு கைக்கு, ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதில் ஒரு பழக்கம் வந்துவிடும். சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிற பழைய ஃபிட்டர் மாதிரி.

வாசகருக்கு யோசனை சொல்கிற பத்தி என்பது நாமே கண்டுபிடித்ததும் இல்லை, நேற்று வந்ததும் இல்லை. 1691இல் லண்டனில் ஜான் டன்டன் என்ற புத்தக வியாபாரி 'ஏதீனியன் மெர்க்குரி' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லாமல் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கேள்விகளை ஒரு காப்பிக் கடைக்கு அனுப்ப வேண்டும். தனக்கே ஒரு சிக்கல் இருந்து, அதை வெட்கமில்லாமல் யாரிடம் கேட்பது என்று யோசித்தபோதுதான் அவருக்கு இந்த எண்ணம் வந்தது என்று சொல்வார்கள். குதிரைக்கு ஏன் சதுரமாகச் சாணம் என்பது போன்ற கேள்விகளும் வந்தன, கல்யாணக் கேள்விகளும் வந்தன. கடைசியில் கல்யாணக் கேள்விதான் ஜெயித்தது, முன்னூறு வருஷம் தாண்டியும் நிற்கிறது.

நம் ஊருக்கு உறவான பிரான்சிலும் இது உண்டு. 'எல்' என்ற பெண்கள் பத்திரிகையில் மார்செல் செகால் என்ற அம்மையார் 1946லிருந்து நாற்பது வருஷம் இந்தப் பத்தியை எழுதினார். பிரெஞ்சில் இதற்குப் பெயர் 'கூரியே து கேர்', இதயத்தின் தபால் என்று அர்த்தம். பெயரென்னவோ கொஞ்சல்தான், ஆனால் அந்த அம்மாவின் பதில் கறாராக இருக்குமாம். மெனி கிரெகுவார் என்று இன்னொருவர் 1967 முதல் ரேடியோவில் இதையே செய்தார். பிரான்சு முழுக்க மத்தியான நேரத்தில் அடுப்படியில் நின்று கேட்டார்கள்.

தபால் என்றதும் பாண்டிக்காரர்களுக்கு ஒன்று ஞாபகம் வரும். நம் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போன 'சொல்தா' வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. சைகோனிலிருந்தும் பிரான்சிலிருந்தும் அந்தக் காலத்தில் கடிதம் வரும். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார், பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து கேட்பார். "நலம், நலமறிய அவா. பணம் அனுப்பியுள்ளேன்." எல்லோரும் கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்தே எழுதுகிற கடிதம். கதவுக்குப் பின்னால் நிற்கிற பெண்டாட்டிக்கு அதில் ஒரு வரி இருக்காது. அவளும் பதில் எழுத முடியாது, எழுதினாலும் அதையும் யாராவது படித்துவிட்டுத்தான் உறையில் போடுவார்கள். தபாலுக்குப் பெயர்போன ஊரில்கூட ஒரு பெண் தனக்கென்று ஒரு கடிதம் எழுத இடம் இல்லாமல் இருந்தது. இது பாண்டி சமாச்சாரம் மட்டுமில்லை, தமிழ்நாடு முழுக்க இதே கதைதான். ஆகவே சென்னையில் ஒரு பத்திரிகை எழுத்தாளர், முன்பின் தெரியாதவர், "நீ எழுது, உன் பேர் வெளியே வராது" என்று ஒரு முகவரி கொடுத்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். பதில் அப்புறம். முதலில் எழுதி அனுப்ப ஓர் இடம்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். நான் ஏர் கம்ப்ரஸர் சர்வீஸில் இருக்கிறேன். சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் எங்களுக்கு வாடிக்கையாளர்கள் நிறைய. ராத்திரி போன் வரும்: "சார், ஏர் ஏற மாட்டேங்குது, உங்க மெஷின் போயிடுச்சு." அவர் சொல்வது தீர்ப்பு. எனக்கு வேண்டியது அது இல்லை. பிரஷர் எவ்வளவில் நிற்கிறது, லோடு ஆகிறதா, ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள், லைனில் எங்கேயாவது சீறுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். பத்து போனில் நாலு போன் மெஷினே காரணமாக இருக்காது. பைப்பில் எங்கேயோ ஓட்டை இருக்கும்.

அந்தரங்கக் கடிதமும் அப்படித்தான் வரும். எழுதுகிறவர் தீர்ப்போடு எழுதுவார். "என் மாமியார்தான் எல்லாத்துக்கும் காரணம்." "என் மகன் கெட்டுப் போயிட்டான்." எனக்கு இருக்கிற சௌகரியம் அந்த அம்மாவுக்குக் கிடையாது. நான் திருப்பிக் கேட்கலாம். அவர் கேட்க முடியாது. கடிதத்தில் பெரும்பாலும் பெயரே இருக்காது. கையில் இருப்பது ஒரே ஒரு தரப்பு, அதுவும் அழுதுகொண்டே எழுதினது. இன்னொரு தரப்பு அதே வாரமலரை அதே வீட்டில் உட்கார்ந்து படிக்கப் போகிறது. இந்த நிலைமையில் பதில் எழுதணும், அதைப் பல லட்சம் பேர் படிப்பார்கள், அதில் சிலர் தங்கள் வீட்டுக்கும் அதையே பொருத்திப் பார்ப்பார்கள். எங்கள் தொழிலில் இதை 'பார்க்காமல் ரிப்பேர் சொல்லுவது' என்போம். எந்த மேனேஜரும் அனுமதிக்க மாட்டார்.

இங்கேதான் இன்றைக்கு நான் பேச நினைத்த முக்கியமான இடம் வருகிறது. அனுராதா ரமணன் விவாகரத்தைத் தடுப்பதில் பெயர் எடுத்தவர். பிரிய வந்த தம்பதிகளை உட்கார வைத்துப் பேசி, சேர்த்து அனுப்புவதை ஒரு சேவையாகவே செய்தார். அவர் காலமானபோது வந்த குறிப்புகளிலும் இதைத்தான் சொன்னார்கள். ஆனால் அவரைத் தமிழ்நாட்டுக்கே தெரிய வைத்த கதை என்ன? 'சிறை'. ஆனந்த விகடனில் சிறந்த சிறுகதை என்று தங்கப் பதக்கம் வாங்கியது. 1984இல் ஆர்.சி.சக்தி அதைப் படமாக எடுத்தார், லட்சுமியும் ராஜேஷும் நடித்தார்கள்.

படம் பார்க்காத தம்பி தங்கைகளுக்காகக் கதையைச் சொல்கிறேன். பாகீரதி ஓர் அர்ச்சகரின் மனைவி. அந்தோணி என்பவன் அவளைக் கெடுத்துவிடுகிறான். தாலி கட்டின புருஷன் அவளைக் கைவிட்டு ஊரைவிட்டே போய்விடுகிறான். ஊரில் ஒரு வாசலும் திறக்கவில்லை. அவள் நேரே அந்தோணி வீட்டுக்குப் போகிறாள். நீதானே காரணம், நீயே எனக்கு இடம் கொடு என்று நிற்கிறாள். அதே வீட்டில் தனியாக, தன் ஆசாரத்தோடு, வருஷக்கணக்கில் வாழ்கிறாள். அவன் மாறுகிறான். கடைசியில் அவன் செத்த பிறகு, தாலி கட்டினவன் திரும்பி வந்து நிற்கும்போது அவள் அவனோடு போகவில்லை. அந்தோணிக்குத்தான் விதவைக் கோலம் பூணுகிறாள்.

இன்றைய கண்ணோடு பார்த்தால் இந்தக் கதை தொண்டையில் நிற்கிறது. குற்றம் செய்தவனுக்கே கடைசியில் மரியாதை போய்ச் சேருகிறதே என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு பெண், தாலி கட்டினவனைப் பார்த்து நீ எனக்கு யாரும் இல்லை என்று சொல்வதாக ஒரு வெகுஜனப் பத்திரிகையில் எழுதினது சின்ன விஷயம் இல்லை. அப்படி எழுதின அதே கை, வாழ்க்கையில் எதிரே வந்து உட்கார்ந்த பெண்ணிடம், "கொஞ்சம் பொறு, பேசிப் பார்க்கலாம்" என்று சொன்னது. இது எப்படி? கதையில் ஒரு நியாயம், வாழ்க்கையில் ஒரு நியாயமா?

ரொம்ப நாள் எனக்கு இது உறுத்தலாக இருந்தது. இப்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், நீங்கள் மறுக்கலாம். கதையில் எழுதுகிறவருக்கு எல்லாம் தெரியும். புருஷன் கோழை என்பதும் தெரியும், அவன் திரும்பி வரும்போது என்ன நினைத்து வருகிறான் என்பதும் தெரியும். முழு டிராயிங் கையில் இருக்கிறது. கடிதத்தில் அப்படி இல்லை, ஒரு மூலை மட்டும் தெரிகிறது. அரைகுறைத் தகவலோடு முடிவெடுக்க வேண்டி வந்தால் நாம் என்ன செய்வோம்? திருப்பிச் செய்ய முடிகிற வேலையை முதலில் செய்வோம். போல்ட்டை லூஸ் பண்ணிப் பார்ப்போம், எடுத்தவுடன் வெல்டை அறுக்க மாட்டோம். "இன்னும் ஒரு தடவை பேசிப் பாரு" என்பது திருப்பிச் செய்ய முடிகிற வேலை. அந்த அளவுக்கு அந்த அம்மாவின் பக்கம் எனக்குப் புரிகிறது.

ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. பொறுமை என்பதும் ஒன்றும் இலவசம் இல்லை. அடி வாங்குகிற வீட்டில் இன்னும் ஒரு வருஷம் இரு என்றால், அந்த வருஷம் திரும்பி வருமா? ஐம்பது வயதில் ஒரு பெண், நான் அன்றைக்கே வெளியே வந்திருக்கணும் என்று சொன்னால் அதற்கு யார் பொறுப்பு? சேர்த்து வைப்பதை ஒரு வெற்றியாக எண்ணத் தொடங்கினால் ஆபத்து. எத்தனை மெஷினை ஓட வைத்தேன் என்று எண்ணுகிற சர்வீஸ்காரன், ஓடக்கூடாத மெஷினையும் ஓட வைத்துவிடுவான். பாய்லரில் அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இதே முடிச்சு அமெரிக்காவில் ஒருவருக்கு அவருடைய சொந்த வாழ்க்கையிலேயே விழுந்தது. ஆன் லேண்டர்ஸ் என்ற பெயரில் எப்பி லெடரர் என்ற அம்மையார் 1955 முதல் சிகாகோ சன்-டைம்ஸில் எழுதினார். அவருடைய இரட்டைச் சகோதரி பாலின் மறு வருஷமே சான் பிரான்சிஸ்கோவில் 'டியர் ஆபி' என்று போட்டிப் பத்தி ஆரம்பித்துவிட்டார், அது ஒரு தனிக் குடும்பக் கதை. இந்த எப்பி அம்மாவும் கல்யாணத்தை எப்படியாவது காப்பாற்று என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்தான். 1975இல் அவருடைய சொந்தக் கல்யாணம், 36 வருஷக் கல்யாணம், முறிந்தது. அவர் மறைக்கவில்லை. பத்தியிலேயே எழுதினார். எழுதிவிட்டு, மிச்ச இடத்தை வெறுமையாகவே அச்சிடுங்கள், முடிந்துபோன ஒரு நல்ல கல்யாணத்தின் நினைவாக இருக்கட்டும் என்று பத்திரிகை ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். அடுத்த நாட்களில் சுமார் முப்பதாயிரம் கடிதங்கள் வந்து குவிந்தன. அதுவரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்த ஜனங்கள் அந்த ஒரு தடவை அவருக்கு ஆறுதல் எழுதினார்கள். அந்த வெள்ளை இடம் அவர் எழுதின பல பதில்களைவிடப் பெரிய பதில் என்பேன்.

நம் நாட்டில் நடுவழி ஒன்று சட்டமாகவே வந்தது, அதுவும் அனுராதா ரமணன் உயிரோடு இருந்தபோதே. 2005இல் நிறைவேறி 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அடி வாங்குகிற பெண் விவாகரத்து கேட்காமலே பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், வீட்டைவிட்டு வெளியேறாமலே அந்த வீட்டில் இருக்கிற உரிமையைக் கேட்கலாம். பொறுத்துப் போ, இல்லை பிரிந்து போ என்று இரண்டே வாசல் இருந்த வீட்டில் மூன்றாவது வாசல். வாசல் என்றதும் ஞாபகம் வருகிறது, அவருடைய கதையை வைத்து கே.பாலசந்தர் எடுத்த படம் 'ஒரு வீடு இரு வாசல்'. 1990இல் வந்தது, சமூகப் பிரச்சினை பற்றிய படங்களுக்கான தேசிய விருதும் வாங்கியது. வீட்டுக்கு இரண்டு வாசல் என்று தலைப்பு வைத்தவர், ஒரு வாசல்தான் உண்டு என்று நினைத்திருக்க மாட்டார்.

இத்தனை நேரம் கல்யாணம், குடும்பம் என்று பேசிவிட்டேன். பின்வரிசைத் தம்பிகள் இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நெளிகிறீர்கள். உங்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன்.

எங்கள் விங்கில் ஒருத்தன் இருந்தான். பெயர் வேண்டாம். மூன்றாம் வருஷ முடிவில் அவனுக்கு ஏழு அரியர். வீட்டுக்குத் தெரியாது. மார்க்‌ஷீட்டைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தான். பெஞ்சு மேல் ஏறி நின்று அந்தரங்கக் கடிதத்தைச் சினிமாக் குரலில் படிப்பவன் பெரும்பாலும் அவன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் ராத்திரி ரெக்கார்டு நோட்டிலிருந்து தாள் கிழித்து அதே அம்மாவுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தான். நாங்கள் முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தோம். ரெண்டு ராத்திரி எழுதினான். அஞ்சு பக்கம். முதல் மூணு பக்கத்தில் அரியர் கதை. நாலாவது பக்கத்தில்தான் விஷயமே வந்தது: அவனுக்கு இந்தப் படிப்பே பிடிக்கவில்லை, அப்பா நிலத்தை வைத்துக் கடன் வாங்கி ஃபீஸ் கட்டியிருக்கிறார், சொன்னால் அவர் உடைந்துவிடுவார். மூணு வருஷம் கூடப் படுத்துத் தூங்கின எங்களுக்கே இது தெரியாது. அவனுக்கே தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் இன்ன கேள்வி என்று தெரிந்தது என்றான்.

கடிதத்தை காலாப்பட்டு தபாலாபீஸில் போட்டான். பத்திரிகையில் அது வந்ததாக நாங்கள் பார்க்கவில்லை. வந்து குவிகிற கடிதத்தில் எத்தனையைத்தான் அச்சில் போட முடியும்? ஆனால் நாலு ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் எழுந்து, மெஸ் வாசலில் பேப்பர்காரனுக்காகக் காத்து நின்றான். அஞ்சாவது வாரம் ஊருக்குப் போய் அக்காவிடம் சொன்னான், அக்கா அப்பாவிடம் சொன்னாள். வீட்டில் பெரிய சண்டை நடந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அவன் படிப்பை முடித்தான், ஒரு வருஷம் தாமதமாக. இப்போது எஞ்சினியரிங் வேலையில் இல்லை. இன்றைக்கு இங்கே வந்திருக்கிறான். யார் என்று தேடாதீர்கள்.

அனுராதா ரமணன் மறைந்த பிறகும் 'அன்புடன் அந்தரங்கம்' நிற்கவில்லை. சகுந்தலா கோபிநாத் அம்மா ஏற்று எழுதினார். எழுதுகிற பெயர் மாறினாலும் தபால் வந்துகொண்டேதான் இருந்தது. அந்தத் தபால் ஒரு எழுத்தாளரின் புகழுக்காக மட்டும் வந்ததில்லை என்று இதிலிருந்தே தெரிகிறது.

இன்றைய பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டைக் கிழித்துக் கடிதம் எழுதப் போவதில்லை. கையில் போன் இருக்கிறது. ஆனால் போனில் இருக்கிற ஐந்நூறு நம்பரில், ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டால் குறுக்கே பேசாமல் கேட்கிற நம்பர் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பூஜ்யம் என்று வந்தால் ஒன்று தருகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 14416. 'டெலி மானஸ்' என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண். இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அங்கே எடுப்பவர் நம் அம்மாவைப் போலக் கடிதத்தோடு தனியாக உட்கார்ந்திருப்பவர் இல்லை. திருப்பிக் கேள்வி கேட்கலாம், தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்பலாம். பார்க்காமல் ரிப்பேர் சொல்கிற கஷ்டம் அங்கே குறைவு.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள் வைத்துவிட்டுப் போகிறேன், மேடையில் இருக்கும்போதே கேட்டால்தான் தலையாட்டுவார்கள். வேலை வாய்ப்புக்கு ஒரு குழு வைத்திருக்கிறோம், கிரிக்கெட்டுக்கு ஒரு குழு வைத்திருக்கிறோம். ஹாஸ்டல் பிள்ளைகள் பெயர் போடாமல் எழுதிப் போட ஒரு பூட்டின பெட்டி, மெஸ் வாசலில் வேண்டாம், லைப்ரரிக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்தில். சாவி சங்கத்தில் இரண்டு பேரிடம், அதில் ஒருவர் நிச்சயம் ஒரு அக்காவாக இருக்கணும். மாதம் ஒரு தடவை திறந்து, பதிலை நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம், எழுதினவர் யார் என்று தெரியாத மாதிரி. படிப்பு, பணம், வீடு எதுவானாலும் எழுதட்டும். பெரிய சிக்கல் என்றால் அதற்குப் படித்தவர்களிடம் அனுப்புவோம், நாமே டாக்டர் ஆக வேண்டாம். பெட்டிச் செலவு என்னுடையது. எங்கள் ஷாப்பில் பன்னிரண்டு கேஜ் ஷீட் மிச்சம் கிடக்கிறது, அடுத்த சனிக்கிழமையே பண்ணிக் கொண்டுவந்து விடுகிறேன். எங்கே மாட்டுவது என்று மட்டும் முதல்வர் சார் சொல்லணும்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.